பள்ளிப் பகலுணவு: கஞ்சியும் பயறும் கற்பித்த பாடம்

வளரும் குழந்தையின் ஒரு நாளைய உணவுத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையேனும் பகலுணவு ஈடுசெய்தல் வேண்டும் என்பது சத்துணவு வல்லுநர்களின் பொதுக் கருத்து. கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்தில் இவ்வுணவு இரு வழிகளில் குழந்தையை வந்தடைகிறது. ஒன்று பள்ளிச் சமையற்கூடம்; மற்றொன்று வீட்டிலிருந்து கட்டித் தரப்படும் பொதி. முன்னது அரசின் பொறுப்பு. பின்னது குடும்பத்தின் பொறுப்பு. ஆயினும் இரண்டையும் நிறுக்க வேண்டிய தராசு ஒன்றே.

வளர்ந்த வரலாறு

பள்ளியில் உணவளிக்கும் பணி தென்னகத்திற்குப் புதியதன்று. 1920 இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் இதனைத் தொடங்கியது. 1956 இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் தமிழ்நாட்டில் விரிந்தன. கேரளத் தொடக்கப் பள்ளிகளிலோ 1960களில் ‘கேர்’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழங்கிய தானியத்தைக் கொண்டு உப்புமா சமைக்கப்பட்டது. அயலார் உதவியையே என்றும் சார்ந்திருத்தல் இயலாது என்பதால், 1984 இல் மாநில அரசே பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கியது.

இத்திட்டம் முதற்கண் நடைமுறைக்கு வந்த இடங்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை. மீனவ மக்கள் பெரும்பான்மையினராக வாழும் 222 கிராமங்களின் கீழ்நிலைத் தொடக்கப் பள்ளிகளே அவை. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்பொழுதே தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. கடல் கொந்தளிக்கிறது, கட்டுமரம் கரையிலேயே கிடக்கிறது, வீட்டு வருவாய் சுருங்குகிறது. அத்தகைய நாட்களில் பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளை உணவின் மதிப்பை விளக்க வேண்டுவதில்லை. 1985 இல் பிற கிராமங்களுக்கும், 1987-88 இல் ஏழாம் வகுப்பு வரையிலும் திட்டம் விரிவடைந்தது. அன்று வழங்கப்பட்ட உணவு கஞ்சியும் சிறுபயறும் ஆகும்.

எளிய உணவின் நுட்பம்

கஞ்சியும் பயறும் ஏழையர் உணவு என எண்ணுவோர் உளர். அறிவியல் நோக்கில் இது சிறந்த இணைப்பாகும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உள்ளது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டும் சேர்ந்த புரதம் தனித்தனிப் புரதங்களைவிடத் தரமுடையதாகிறது. புழுங்கலரிசியில் பி1 வைட்டமின் பெரிதும் காக்கப்படுகிறது. கஞ்சியில் நீர் வடிக்கப்படாமையால் அது வீணாவதுமில்லை.

மரவள்ளிக் கிழங்கோடு ஒப்பிட்டால் இவ்வுண்மை மேலும் விளங்கும். விசாகம் திருநாள் மகாராஜா (1880-1885) காலத்தில் ஊக்குவிக்கப்பட்ட இக்கிழங்கு, 1942 இல் பர்மா அரிசி வரத்து நின்றபொழுது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தணித்தது. ஆனால் 100 கிராம் அரிசியின் ஆற்றலைப் பெற ஏறத்தாழ 220 கிராம் கிழங்கு வேண்டும்; அதில் கிடைக்கும் புரதமோ ஒன்றரை கிராம் அளவே. கிழங்கோடு மீனைச் சேர்த்துண்ணும் கேரள வழக்கம் இக்குறையைப் போக்கும் பட்டறிவு எனலாம்.

தராசில் இரு உணவுகள்

தொடக்கப் பள்ளிக் குழந்தையின் பகலுணவில் 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் இருத்தல் வேண்டும் என மத்திய அரசின் திட்டம் வகுத்துள்ளது. உயர் தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு 700 கலோரி, 20 கிராம் ஆகும். தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்பது பங்கீடு. அரிசி ஏறத்தாழ 345 கலோரியும் 6.5 கிராம் புரதமும் தருகிறது. பயறு 67 கலோரியும் சுமார் 5 கிராம் புரதமும் தருகிறது. எண்ணெயும் காய்கறியும் சேரும்பொழுது இரு அளவுகளும் நிறைவெய்துகின்றன.

இனி, நகரத்து வீடுகளில் பரவலாகக் காணப்படும் பொதியை நோக்குவோம். அதே 100 கிராம் அரிசிச் சோறு, 50 கிராம் உருளைக்கிழங்கு வறுவல், சிறிது ஊறுகாய். எண்ணெயையும் சேர்த்து ஆற்றல் 440 கலோரியை நெருங்குகிறது. புரதமோ 7 கிராமைச் சற்றே தாண்டுகிறது. வயிறு நிறைகிறது; தேவை நிறைவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பொதி அரசுப் பள்ளிக் கஞ்சிக்கும் பயற்றுக்கும் ஈடாகாத நிலை இவ்வாறே நேர்கிறது. 20 கிராம் பயறு என்பது ஏறத்தாழ ஒன்றரை மேசைக்கரண்டியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மறைந்திருக்கும் பசி

கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் நிற்கும் கேரளத்திலும் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். இக்குழந்தைகளே பின்னர் பள்ளி வாயிலில் நுழைகின்றனர். கீரையும் பயறும் இரும்புச்சத்தைத் தரினும், உடல் அதனை ஏற்க ‘சி’ வைட்டமின் துணை வேண்டும். ஒரு நெல்லிக்காய்த் துண்டோ சில துளி எலுமிச்சைச் சாறோ இப்பணியைச் செய்யும். உணவோடு தேநீர் அருந்துதல் இதற்கு நேர்மாறான விளைவைத் தரும்.

பொதி கட்டும் முறை

அயல்நாட்டுப் பண்டம் எதுவும் தேவையில்லை. ஐந்து பள்ளி நாட்களுக்குரிய ஓர் அமைப்பு வருமாறு:

திங்கள்: புழுங்கலரிசிச் சோறு, சிறுபயற்றுத் தோரன், முருங்கைக்கீரை, நெல்லிக்காய்.
செவ்வாய்: சோறு, பூசணியும் வன்பயறும் சேர்ந்த எரிசேரி, மோர்.
புதன்: எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, காரட்-பீன்ஸ் தோரன்.
வியாழன்: சோறு, பொரித்த சாளை மீன் அல்லது கொண்டைக்கடலை, கீரை.
வெள்ளி: இட்லி, கெட்டிச் சாம்பார், வாழைப்பழம்.

இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வதும் முற்கூறிய இணைப்பே ஆகும். சாளை மலிவான மீன். 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உடையது.

காலையில் கட்டிய பொதி நண்பகல் வரை வெப்பமும் ஈரமும் மிக்க காற்றில் காத்திருக்கிறது. ஆகவே சோற்றை அன்றே சமைத்து, அகலத் தட்டில் ஆவி போக ஆற்றிய பின்னரே பாத்திரத்தை மூடுதல் வேண்டும். கெட்ட சோற்றில் உண்டாகும் ஒருவகை நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. தேங்காய் அரைத்த சட்னி விரைவில் புளிக்குமாதலால் நன்கு வதக்கிய தோரனே ஏற்றது. 2022 ஜூனில் விழிஞ்ஞம் பகுதிக் குழந்தைகள் இருவரிடம் நோரோ வைரஸ் கண்டறியப்பட்டது. தூய குடிநீரும், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும் உணவைப் போன்றே இன்றியமையாதவை என்பதை அது உணர்த்தியது.

அரசின் கடமை

கேரளப் பள்ளிகளில் பிற்காலத்தில் கஞ்சியின் இடத்தைச் சோறும் கறிகளும் பெற்றன; வாரம் இருமுறை 150 மில்லிலிட்டர் பாலும், ஒருமுறை முட்டையும் சேர்க்கப்பட்டன. 2025 இல் காய்கறி பிரியாணி, கேழ்வரகு உணவு முதலியன கொண்ட புதிய பட்டியல் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பட்டியல் மட்டும் உணவாகாது. 150 மாணவர் வரை ஒருவருக்கு 8 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 7 ரூபாய், அதற்கும் மேல் 6 ரூபாய் என்ற விகிதம் விலையேற்றத்திற்கிடையே பல்லாண்டு நீடித்தது. தலைமையாசிரியர்கள் கைப்பொருளைச் செலவிட நேர்ந்தது; 2023 இல் இச்சிக்கல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அரிசியை மத்திய அரசு இலவசமாக வழங்குவதால், நிதி குறையும்பொழுது சுருங்கக்கூடியது சோறு அன்று, கறியே ஆகும். குழந்தையின் வளர்ச்சிக்கு வேண்டுவதும் அக்கறியே.

பள்ளி வளாகத்திலும் அதன் 50 மீட்டர் எல்லைக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிக்க பண்டங்களை விற்றலை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. விதி பள்ளி வாயிலைக் காக்கலாம். பொதியைக் காப்பது அடுப்பங்கரையே. சோற்றின் அளவைப் பெருக்குவதைவிட அதனுடன் பயறும் கீரையும் சேர்ப்பதே சிறந்த கொடை என்பதை அரசும் பெற்றோரும் ஒருங்கே உணர்வார்களாயின், நாளைய தலைமுறை நலமுற வளரும் என்பது திண்ணம்.