நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பக் கார்

ஒரு தொழிற்பொருளின் வடிவத்தைப் பொறியாளர் மட்டுமே நிர்ணயிப்பதில்லை. அரசின் வரிக் கொள்கைக்கும் அதில் பங்குண்டு. இந்தியாவின் சிறிய செடான் கார் இதற்குத் தக்க சான்றாகும்.

வரியும் வரம்பும்

2006-07ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சலுகை பெற, காரின் நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. எஞ்சின் கொள்ளளவு பெட்ரோலாயின் 1,200 சி.சி.க்கும், டீசலாயின் 1,500 சி.சி.க்கும் மேற்படலாகாது.

பின்கதவுடைய சிறு கார்களுக்கு இந்த வரம்பு இடையூறாக இல்லை. ஆனால், செடானுக்கு இருக்கைகளுக்குப் பின்னால் தனி டிக்கி வேண்டும். பயணியின் இடத்தைக் குறைக்காமல் நீளத்தைக் குறைப்பது எவ்வாறு? இதுவே எழுந்த சிக்கல்.

வடிவமைப்பில் மாற்றம்

டாட்டா நிறுவனம் தன் இண்டிகோ காரைச் சுருக்கி, 'இண்டிகோ சி.எஸ்.' என்ற பெயரில் 2008இல் வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த மாருதி டிசையரின் நீளம் 4,160 மி.மீ. ஆகவே, அது சலுகைக்கு உள்ளாகவில்லை. 2012இல் அதன் நீளம் 3,995 மி.மீட்டராகக் குறைக்கப்பட்டது, பெட்ரோல் எஞ்சின் 2010இலேயே 1,197 சி.சி.யாகியிருந்தது. இதற்குத் தந்த விலை, டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகச் சுருங்கியதாகும். புதிதாக வடிவமைக்கப்பட்ட 2017ஆம் ஆண்டுக் காரிலோ, அதே நீளத்திற்குள் 378 லிட்டர் இடம் கிடைத்தது. வெட்டிச் சுருக்குவதற்கும், தொடக்கத்திலிருந்தே திட்டமிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கற்க வேண்டிய பாடம்

கலால் வரி மறைந்து 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் இவ்வரம்பு நிலைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரம்பிற்குட்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதமும், பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது.

நீளத்தையும் எஞ்சின் அளவையும் அளப்பது எளிது, சர்ச்சைக்கு இடமில்லை. ஆயின், மக்களுக்கு உண்மையில் வேண்டியவை எரிபொருள் சிக்கனமும் உயிர்ப் பாதுகாப்பும். இவற்றை அளவுகோல் காட்டாது. 2023இல் தொடங்கிய 'பாரத் என்கேப்' மோதல் சோதனைத் திட்டம் இக்குறையை ஓரளவு நிரப்புகிறது. 2024இல் புதிய டிசையர், உலகளாவிய என்கேப் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்பிற்கு ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. சிறிய கார் பாதுகாப்பானதாகவும் இருக்க இயலும் என்பதை இது மெய்ப்பிக்கிறது.

தொழில்துறை, அரசு எதை அளக்கிறதோ அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். எதை அளப்பது என்று முடிவு செய்வதே கொள்கை வகுப்போரின் தலையாய பொறுப்பு.