ஒரு நூல் தப்பினால்...
(நிலையான நியூரல் நெட்வொர்க் – ஓர் எளிய அறிமுகம்)



படத்தைப் பார்த்து இது பூனை, இது நாய் என்று கம்ப்யூட்டர் சொல்வது இன்று அதிசயமில்லை. ஆனால் அதை எவ்வளவு நம்பலாம்? 2014-ல் இயான் குட்ஃபெல்லோவும் அவரது குழுவினரும் பாண்டா கரடியின் படம் ஒன்றில் கண்ணுக்கே தெரியாத சிறு மாற்றம் செய்தார்கள். அதுவரை "பாண்டா" என்ற நியூரல் நெட்வொர்க், "கிப்பன் குரங்கு" என்றது. அதுவும் 99.3 சதவீத உறுதியோடு!

எனக்கும் இது நடந்தது. மின் மீட்டரின் எண்களைப் படிக்கும் ப்ராஜெக்ட் செய்தேன். லேபில் எல்லாம் சரி. லைட் லேசாக மங்கியதும் 3-ஐ 8 என்றது. யாரும் கவனிக்கவில்லை. அப்படியே சப்மிட் பண்ணிடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மார்க் குறைந்தால் என்ன சொல்வது?

அன்றிரவு கொத்தனாரான என் அப்பாவிடம் சொன்னேன். "முதல் வரிசையில ஒரு நூல் தப்புனா மேல போகப்போக செவரு சாஞ்சுரும்டா. வரிசைக்கு வரிசை குண்டு விட்டுப் பாக்கணும்" என்றார். அவருக்கு நியூரல் நெட்வொர்க் தெரியாது. ஆனால் விடை அதுதான்!

தவறு பெருகுவது எப்படி?

நெட்வொர்க்கும் செங்கல் சுவர் போல அடுக்கடுக்கானது. ஒவ்வோர் அடுக்கும் வரும் எண்ணைப் பெருக்கி, ஓர் எண்ணைக் கூட்டி, மேலே அனுப்புகிறது. மூன்று அடுக்குகளும் 3-ஆல் பெருக்கினால், உள்ளே நுழைந்த 0.1 தவறு 27 மடங்காகி 2.7 ஆகிவிடும். கூட்டும் எண்ணால் இந்த வித்தியாசம் மாறாது, பெருக்கல்தான் வில்லன்.

குண்டு எது?

பிரெஞ்சுக் கணித அறிஞர் மொரோ 1962-ல் 'ப்ராக்ஸிமல் ஆபரேட்டர்' என்பதை அறிமுகப்படுத்தினார். அதன் எளிய வகை ஒன்று, எல்லைக்கு வெளியே போன புள்ளியை எல்லைக்குள் மிக அருகில் உள்ள இடத்துக்கு இழுத்து வரும். இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை இந்த ஆபரேட்டர் ஒருபோதும் அதிகமாக்காது. நாம் பயன்படுத்தும் 'ரெலு' இதே வகைதான். 5-ஐ 5 ஆகவே விடும், –3-ஐ 0 ஆக்கும். இடைவெளி 8-லிருந்து 5 ஆகிறது பாருங்கள்! இப்படிப் பல ஆக்டிவேஷன்கள் ப்ராக்ஸிமல் ஆபரேட்டர்களே என்று கொம்பெத், பெஸ்கே இருவரும் காட்டியுள்ளனர்.

மிச்சம் பெருக்கல் அணி. அது அதிகபட்சம் எத்தனை மடங்கு நீட்டும் என்று கணக்கிட்டு, 1-க்கு மேல் போனால் அந்த எண்ணால் அணியை வகுத்துவிட வேண்டும். எல்லா அடுக்கிலும் இப்படிச் செய்தால் 0.1 தவறு கடைசிவரை 0.1-ஐத் தாண்டாது. 3-க்கும் 8-க்கும் நெட்வொர்க் தரும் மதிப்பெண்களில் போதிய இடைவெளி இருந்தால் விடை மாறாது.

இதற்கு விலையும் உண்டு. ரொம்ப இறுக்கினால் நெட்வொர்க் கற்பது குறையும். என் ப்ராஜெக்டிலும் முன்பு சரியாகப் படித்த சில படங்கள் தப்பின. ஆனால் லைட் மங்கியபோது 3, 3-ஆகவே நின்றது. பழைய தவறு, புதிய குறை இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதியே கொடுத்தேன்.

3-ஐ 8 என்று படித்தால் பில் கட்டப்போவது எங்கள் வீடு மாதிரி ஒரு வீடுதானே! நண்பர்களே, நாம் கட்டும் எதற்கும் வரிசைக்கு வரிசை குண்டு விட்டுப் பார்ப்போம்.