கல்யாணப் பூ வாங்கப் போகிறீர்களா?

• செட்டிநாட்டு மணப்பெண் கழுத்தில் கழுத்துரு என்னும் பெரிய தங்கத் தாலி ஏறும். அது மறையாதபடி, கனத்த ரோஜா மாலைக்குப் பதில் மெல்லிய சம்பங்கி மாலையாகக் கட்டச் சொல்லுங்கள்.

• மல்லிகை மொட்டு சாயங்காலம்தான் விரியும். மாலை வரவேற்புக்கு அன்று காலை பறித்த மொட்டே சரி. கட்டிய சரத்தை ஈர வாழையிலையில் சுற்றி வையுங்கள்.

• 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு, தை மாதப் பனியில் வரத்து குறைந்து விலை எகிறும். அப்போது கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்த கதம்பம் கைகொடுக்கும். கனகாம்பரத்துக்கு வாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் வாடாது.

• பொக்கே ஒரு கையில் அடங்கும் அளவு போதும். காம்பைச் சாய்வாக நறுக்கி, மேடை ஏறும்வரை தண்ணீரில் வையுங்கள். ஈரம் துடைத்துக் கொடுத்தால் பட்டுப்புடவையில் கறை படாது.

• முகூர்த்த நாளில் பூ விலை ஏறும். பூக்காரரிடம் முன்கூட்டியே விலை பேசி, முன்பணம் கொடுத்துவிடுங்கள்.