நம் லயத்திலும் வள்ளல்கள் உண்டு

"தருமம் பண்றது காசுக்காரங்க வேலைங்க. நாள் சம்பளக்காரன் எங்க போறது?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறோம். பெட்டி வருகிறது, பந்தல் எழும்புகிறது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கிடைக்கிறது. யாரும் பெரிய தொகை தரவில்லை. ஆனாலும் காரியம் முடிகிறது. ஆகவே, கூட்டாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. சாவு வீட்டுக்கு ஒன்றுசேரும் நாம், உயிரோடு இருக்கும் பிள்ளையின் படிப்புக்கு ஏன் ஒன்றுசேரக் கூடாது?

சிறு காசு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு, இளம்பிள்ளைவாத நோயை எதிர்க்க ஆளுக்குப் பத்துச் சதம் அனுப்பும்படி மக்களிடம் கேட்டார்கள். ஜனாதிபதி மாளிகைக்கு 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்தன. இப்படி வளர்ந்த நிதிதான் டாக்டர் யோனாஸ் சோல்க்கின் ஆராய்ச்சிக்கு உதவியது. 1955இல் தடுப்பூசி வந்தது.

நமது நாட்டில் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடைபயணம் நடந்தது. 27 நாட்கள், சுமார் 670 கிலோமீற்றர். பொதுமக்களும் கூடவே நடந்தார்கள், இயன்றதைக் கொடுத்தார்கள். சின்னக் காசும் பெரிய காசும் சேர்ந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது.

இனி நம் கணக்குக்கு வருவோம். 60 வீடுகள், மாதம் 50 ரூபாய் வீதம் போட்டால் 3,000 ரூபாய். வருடத்துக்கு 36,000 ரூபாய். ஒரே வீடு இதை எடுத்து வைப்பது கஷ்டம். ஆனால் சாதாரண தரம் பாஸ் பண்ணிவிட்டு, டவுனுக்குப் போய்ப் படிக்க பஸ் காசு இல்லாமல் நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய கைத்தாங்கல்.

காசு சேர்ப்பது சுலபம். நம்பிக்கையைக் காப்பதுதான் கஷ்டம். ஆகவே, இவற்றைக் கவனிப்போம்:

1. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை முதலிலேயே எல்லோரும் கூடி முடிவு செய்ய வேண்டும்.

2. வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். பணம் ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கக் கூடாது. வங்கியில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

3. மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வாசிக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவரும் கேள்வி கேட்கலாம்.

4. வேலை குறைந்த மாதத்தில் கொடுக்க முடியாதவரை வற்புறுத்தக் கூடாது. அவர் சிரமதானம் செய்யட்டும், அதுவும் கொடைதான்.

5. உதவி பெறும் பிள்ளையை மேடையில் ஏற்றிக் கூச்சப்படுத்தக் கூடாது. இன்று கொடுப்பவர் நாளை பெறலாம். இன்று பெறும் பிள்ளை நாளை கொடுக்கும்.

வள்ளல் என்பவர் வெளியிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அறுபது வீடும் சேர்ந்தால் அதுவே ஒரு வள்ளல்.

கூடிப் பேசுவதற்கு:

நம் தோட்டத்தில் காசில்லாமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? நம் வீட்டால் மாதம் எவ்வளவு கொடுக்க இயலும்? கணக்கை யாரிடம் ஒப்படைக்கலாம்?