உல்லாசக் கப்பல்கள் முதியோர்க்கு மட்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

கடல் கடந்து செல்வது பொருள் தேடுவதற்கே என்று கருதி வந்தது நம் மரபு. போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்றில்லாமல், கப்பலில் இருப்பதையே இன்பமாகக் கொண்டு, பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும் பயணத்தை மேலைநாட்டார் ஒரு பெருந்தொழிலாக வளர்த்துள்ளனர். 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 கோடியே 17 இலட்சம் பேர் இத்தகைய பயணம் சென்று வந்தனர்.

இப்பயணங்களை நடத்தும் நிறுவனங்களுள் சிலவற்றை 'முதியோர் கப்பல்கள்' என்றே அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கூறுவர். ஹாலந்து அமெரிக்கா லைன், குனார்டு, வைகிங், சாகா ஆகிய பெயர்கள் இப்பேச்சில் தவறாமல் இடம் பெறும். சற்றே ஏளனம் கலந்த இப்பேச்சு எவ்வளவு உண்மை? ஒரு கப்பல் முதியோர்க்கு ஏற்றது என்பதை எதைக் கொண்டு அளப்பது? ஹாலந்து அமெரிக்கா லைனை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதியும் வழக்கமும்

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்துக் கொள்வோம். வயதை விதியாகவே வைத்துள்ள நிறுவனங்கள் ஒரு வகை. இங்கிலாந்தின் சாகா நிறுவனம் இதற்குத் தக்க சான்று. 1951-இல் ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் சிட்னி டி ஹான் என்பவர், ஓய்வு பெற்றோர் குறைந்த செலவில் விடுமுறை கழிக்க வழி செய்து இதனைத் தொடங்கினார். 1997 முதல் சொந்தக் கப்பலையும் ஓட்டத் தொடங்கிய இந்நிறுவனம், 50 வயது நிரம்பியோர்க்கு என்றே தன் பயணங்களை நடத்துகிறது. இங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை. விதியே விடை கூறிவிடுகிறது.

வைகிங் நிறுவனத்தின் கடற்கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தோர்க்கு இடமில்லை. ஆயினும் சிறுவரை விலக்குவதும் முதியோரை வரவேற்பதும் ஒன்றாகா. 2021-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் நிறுவனமும் இதே 18 வயது விதியை உடையது. ஆனால் அது இரவுக் கேளிக்கையை விரும்பும் நடுத்தர வயதினரையும் இளையோரையும் நாடுகிறது. ஒரே விதி இரு வேறு கூட்டத்தைச் சேர்க்கிறது எனில், காரணம் விதியில் இல்லை என்பது தெளிவு.

ஹாலந்து அமெரிக்கா லைனிலும் குனார்டிலும் முதியோர்க்கு மட்டுமே என்னும் விதி கிடையாது. சிறுவர்க்கெனத் தனிக் கூடங்கள்கூட உண்டு. இருந்தும் நரைத்த தலைகளே அங்கு மிகுதி என்பது பலரும் கண்ட செய்தி. வழக்கத்தால் நேர்ந்த இதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இளையோரைச் சுமந்த வரலாறு

ஹாலந்து அமெரிக்கா லைன் 1873-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் தோன்றியது. அக்காலத்தில் அதன் கப்பல்களில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற குடியேறிகள். உழைக்கும் வயதினரான ஆண்களும் பெண்களும், கைக்குழந்தையுடன் கூடிய இளந்தம்பதியரும் அவர்களுள் மிகுதி. முதியோர் பலர் ஊரிலேயே தங்கிவிட, பிள்ளைகளே கடல் கடந்தனர். அந்நிறுவனத்தின் பழைய தலைமை அலுவலகக் கட்டடம் இன்று 'ஹோட்டல் நியூயார்க்' என்னும் பெயரில் ராட்டர்டாமில் நிற்கிறது. முதியோர் கப்பல் என்று இன்று பேசப்படும் நிறுவனம், ஒரு காலத்தில் ஏழை இளைஞர்களின் கப்பலாக இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பின் மாறியது எது? 1958 அக்டோபரில் பி.ஓ.ஏ.சி. நிறுவனமும் பான் அமெரிக்கன் நிறுவனமும் அட்லாண்டிக் பெருங்கடலின் மீது ஜெட் விமானங்களை ஓட்டத் தொடங்கின. பல நாட்கள் பிடித்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. நேரமில்லாதவர்கள் விமானத்துக்கு மாறினர். நேரம் உள்ளவர்களே கப்பலுக்கு மிஞ்சினர். கப்பல் நிறுவனங்களும் ஊர் சேர்க்கும் தொழிலை விட்டு உல்லாசப் பயணத் தொழிலுக்கு மாறின.

இங்கே மற்றொரு நிகழ்ச்சி கவனிக்கத்தக்கது. 1972-இல் டெட் ஆரிசன் என்பவர் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் புதுக் கப்பல் கட்டவில்லை. 1961-இல் அட்லாண்டிக் போக்குவரத்துக்கென வெளிவந்த 'எம்ப்ரஸ் ஆஃப் கனடா' என்னும் கப்பலை வாங்கி, 'மார்டி கிரா' எனப் பெயர் மாற்றி, மியாமியிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு ஓட்டினார். முதற் பயணத்திலேயே அது மணல் திட்டில் தட்டி நின்றது! ஆயினும், குறைந்த கட்டணம், குறைந்த நாட்கள், ஆட்டமும் பாட்டமும் என்னும் முறையால் சாதாரண அமெரிக்கக் குடும்பங்களும் இளையோரும் திரண்டனர். முந்திய தலைமுறைக் கப்பல் ஒன்று நாட்களையும் கட்டணத்தையும் மாற்றியதாலேயே புதிய கூட்டத்தைப் பெற்றது.

இதே கார்னிவல் நிறுவனம் 1989-இல் ஹாலந்து அமெரிக்கா லைனையும், 1998-இல் குனார்டையும் தன்வயமாக்கிக் கொண்டது. பெரிய ஜவுளிக் கடையில் ஒரு மாடியில் குழந்தைகளுக்கும் மறு மாடியில் பெரியவர்களுக்கும் துணி விற்பது போல, ஒரே முதலாளி வெவ்வேறு பெயர்களால் வெவ்வேறு வயதினரை அழைக்கிறார் எனலாம்.

நாட்கணக்கு

வயதை நிர்ணயிப்பவற்றுள் தலையாயது பயணத்தின் நாட்கணக்கே என்பது என் கருத்து. ஹாலந்து அமெரிக்கா லைன் கோடைக் காலத்தில் அலாஸ்காவுக்கு ஏழு நாள் பயணங்களை நடத்துகிறது. அப்போது அமெரிக்காவில் பள்ளி விடுமுறை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒன்றாக ஏறுவதற்கு அது வாய்ப்பாகிறது. அதே நிறுவனம் ஜனவரியில் தொடங்கி 120 நாட்களுக்கு மேல் நீளும் உலகப் பயணத்தையும் நடத்துகிறது. நான்கு மாதம் வீட்டை விட்டு இருக்க யாரால் இயலும்? தனியார் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் ஆண்டு விடுமுறை அளித்தே தீர வேண்டும் என்னும் கூட்டரசுச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மாணவர்க்குக் கல்லூரி, இளம் பெற்றோர்க்குப் பிள்ளைகளின் பள்ளி. எஞ்சுவோர் ஓய்வு பெற்றவர்களே. கட்டணமும் பல்லாயிரம் டாலர் ஆகையால், அவர்களுள்ளும் வாழ்நாள் முழுதும் சேமித்தவர்களும் செல்வர்களுமே செல்ல முடிகிறது.

'ஸைடர்டாம்' என்னும் ஒரே கப்பல் அலாஸ்காப் பயணமும் சென்றுள்ளது. உலகப் பயணமும் சென்றுள்ளது. கப்பல் ஒன்றே, மாறியது நாட்காட்டி. ஆகவே, 'இந்நிறுவனம் முதியோர்க்கு உரியதா?' என்று கேட்பதைவிட, 'இப்பயணம் எந்த மாதத்தில், எத்தனை நாள்?' என்று கேட்பதே சரியான வினாவாகும்.

குனார்டின் 'குயின் மேரி 2' கப்பல் பெரும்பாலும் ஏழு இரவுகளில் சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க் சேர்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே நேர வேறுபாடு வழக்கமாக ஐந்து மணி. விமானத்தில் செல்வோர் இவ்வேறுபாட்டை ஒரே நாளில் தாங்க வேண்டும். கப்பலிலோ கடிகாரத்தை நாளுக்கு ஒரு மணியாகப் பின்தள்ளுவர். ஐந்து நாட்களுக்கு ஒரு நாள் என்பது 25 மணி நேரம்! தூக்கம் கெட்டால் எளிதில் தளரும் முதிய உடலுக்கு இது உண்மையிலேயே ஏற்றது.

இடக்கணக்கு

முதியோர் கப்பல்களில் நெரிசல் குறைவு என்பது மற்றொரு கூற்று. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கப்பலுக்குக் கூறப்படும் மொத்த டன் என்பது எடையைக் குறிப்பதன்று. மூடப்பட்ட உள்ளிடத்தின் கன அளவிலிருந்து பெறப்படும் எண் அது. அதனை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகள் தொகையால் வகுத்தால் ஒருவர்க்குரிய இடத்தின் அளவு கிடைக்கும்.

குயின் மேரி 2: சுமார் 1,49,200 ÷ 2,690 = 55.
வைகிங் ஸ்டார்: சுமார் 47,800 ÷ 930 = 51.
ஐகான் ஆஃப் தி ஸீஸ்: சுமார் 2,48,600 ÷ 5,610 = 44.
கோனிங்ஸ்டாம் (ஹாலந்து அமெரிக்கா லைன்): சுமார் 99,800 ÷ 2,650 = 38.

குடும்பங்களுக்கென 2024 ஜனவரியில் வெளிவந்த ராயல் கரீபியனின் ஐகான், 'முதியோர் கப்பலான' கோனிங்ஸ்டாமைவிட அதிக இடம் தருகிறதே என்று வியப்புத் தோன்றும். ஆனால் பள்ளி விடுமுறையில் மூன்றாம், நான்காம் படுக்கைகளிலும் பிள்ளைகள் நிறைந்தால் ஐகானில் 7,600 பயணிகள் வரை செல்லலாம். அப்போது ஒருவர்க்குரிய அளவு 33 ஆகக் குறைகிறது. இங்கும் நாட்காட்டியே வந்து நிற்பதைக் காண்கிறோம்.

இடத்தின் அளவைவிட அதன் பயனே முக்கியம். ஐகானில் ஆறு நீர்ச்சறுக்குகளும் ஏழு நீச்சற் குளங்களும் பனிச்சறுக்குக் களமும் உள்ளன. கோனிங்ஸ்டாமில் மாலைத் தேநீரும், நடைபயிலத் தளமும், இசை அரங்குகளும் உள்ளன. குயின் மேரி 2-இல் பெரிய நூலகமும் நடனக் கூடமும் உண்டு. நூலும் இசையும் விரும்பும் இருபது வயதினர்க்குப் பின்னவையே இனிக்கும். மனப்பாங்கை வயதென்று மயங்குதல் கூடாது.

சராசரி என்னும் மயக்கம்

கப்பற் பயணிகளின் சராசரி வயது 46-ஐ ஒட்டியது என்று உலகக் கப்பற்பயண நிறுவனங்களின் சங்கம் அண்மை ஆண்டுகளில் கூறியுள்ளது. இதைக் கொண்டு முதியோர் பேச்சு முழுதும் பொய் என்று சிலர் வாதிடுவர். பத்து வயதுப் பேரனும் எண்பது வயதுத் தாத்தாவும் சேர்ந்தால் சராசரி 45. ஆனால் 45 வயதுடையவர் அங்கே ஒருவரும் இல்லை! தொழில் முழுவதற்குமான சராசரி, ஒரு குறிப்பிட்ட கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

உடல்நலமும் ஆபத்தும்

'ஏற்றது' என்னும் சொல்லில் பாதுகாப்பும் அடங்கும். ஹாலந்து அமெரிக்கா லைனின் 'ஸாண்டாம்' 2020 மார்ச் 7-ஆம் நாள் ஏறத்தாழ 1,200 பயணிகளுடன் போனஸ் அயர்ஸிலிருந்து புறப்பட்டது. கொரோனாப் பரவலால் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மார்ச் 27-ஆம் நாள், முதியோரான நான்கு பயணிகள் இறந்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஏப்ரல் 2-ஆம் நாளே ஃபுளோரிடாவில் கரையடைய இடம் கிடைத்தது. கப்பலில் மருத்துவரும் மருத்துவ அறையும் உண்டு. எனினும் அவை முதலுதவிக்கும் அவசர சிகிச்சைக்குமே போதியவை. பெரிய மருத்துவமனை கரையில்தான் இருக்கிறது. எனவே முதியவர் ஒருவர் கவனிக்க வேண்டியது மெத்தையின் மென்மையை மட்டுமன்று. கரை எவ்வளவு தொலைவு, துறைமுகங்களில் கப்பல் மேடையை ஒட்டி நிற்குமா அல்லது ஆடும் சிறு படகில் இறங்க வேண்டுமா என்பனவற்றையும் அவர் கேட்டறிய வேண்டும்.

கப்பலில் இருக்கும் இளைஞர்கள்

முதியோர் கப்பல் என்னும்போது நாம் பயணிகளை மட்டுமே எண்ணுகிறோம். கோனிங்ஸ்டாமில் ஏறத்தாழ 1,000 ஊழியர்கள் உள்ளனர். ஹாலந்து அமெரிக்கா லைனின் ஊழியர்களுள் இந்தோனேசியரும் பிலிப்பைன்ஸ் நாட்டினரும் மிகுதி. அறையைத் துப்புரவு செய்வோரும் உணவு பரிமாறுவோரும் பல மாத ஒப்பந்தத்தில் குடும்பத்தைப் பிரிந்து வந்த, உழைக்கும் வயதினர். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வேலை நேரத்துக்கு வகுத்த உச்சவரம்பே நாளுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி ஆகும். 'இக்கப்பலில் இளைஞரே இல்லை' என்று சலித்துக் கொள்ளும் பயணிக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டும் கை ஓர் இளைஞருடையது! அன்று குடியேறிகளாகச் சென்ற இளையோர் இன்று ஊழியராகச் செல்கின்றனர். பொருள் தேடிக் கடல் கடக்கும் மரபு அங்கே இன்னும் நிற்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. சாகா போன்ற ஒரு சில நிறுவனங்களே விதியால் முதியோர்க்கு உரியவை. ஏனையவற்றில் பயணிகளின் வயதைப் பயணத்தின் நீளமும், மாதமும், கட்டணமும் தீர்மானிக்கின்றன. ஏழு நாள் கோடைப் பயணமாயின் ஹாலந்து அமெரிக்கா லைனும் குடும்பக் கப்பலே. நான்கு மாதப் பயணமாயின் எந்நிறுவனமும் முதியோர் கப்பலே.

ஓய்வு நேரம் என்பது முதுமையில் மட்டுமே கிடைக்கும் பொருளாக உலகம் அமைந்திருப்பதன் அடையாளமே இது. நாற்பதாண்டு உழைத்தவர் அமைதியாக அமர்ந்து கடலைப் பார்ப்பதில் ஏளனத்துக்கு இடமில்லை. அந்த அமைதி உழைக்கும் வயதினர்க்கும் ஆண்டில் சில நாட்களேனும் கிடைக்குமாயின், 'முதியோர் கப்பல்' என்னும் சொல்லே வழக்கொழிந்து போகும்.