பன்றிக் காய்ச்சல்: எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்தைக் கண்டறிதல்

பயிருடன் வெண்பன்றியும் வளர்க்கும் உழவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "தடுப்பூசி போட்ட பன்றியின் இரத்தத்தைச் சோதித்தால், நோய் கண்ட பன்றி என்று முடிவு வந்துவிடுமா?" வந்துவிடலாம். பயிர்ப் பாடம் நடத்தும் எனக்கும் முதலில் இது வியப்பாகவே இருந்தது.

ஹாக் காலரா எனவும் வழங்கும் பன்றிக் காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். இது மனிதருக்கு வராது. 2009-இல் மக்களிடையே பரவிய காய்ச்சல் வேறு. வைரஸ் உடலில் புகுந்ததும் அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உண்டாகின்றன. வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசியும் அதே எதிர்ப்பொருள்களையே உண்டாக்குகிறது. எனவே எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். ஐரோப்பிய நாடுகள் வழக்கமான தடுப்பூசியை நிறுத்தி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1997-இல் நெதர்லாந்தில் நோய் பரவியபோது 1 கோடிக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மாடுகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் உறவு வைரஸ் ஒன்றும் பன்றியைத் தொற்றிச் சோதனையைக் குழப்புவதுண்டு.

இங்கேதான் ஆராய்ச்சி உதவுகிறது. வைரஸின் மேலுறையில் ஈ2 என்ற புரதம் உள்ளது. ஏறத்தாழ 370 அமினோ அமிலங்கள் கோத்த மணிமாலை என்று அதைக் கொள்ளலாம். எதிர்ப்பொருள் மாலை முழுவதையும் பற்றுவதில்லை. சில மணிகளையே பற்றுகிறது. அவை எவை என்றறிய, மாலையின் ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்துப் பல துண்டுகள் செய்கிறார்கள். எந்த மணி போனதும் எதிர்ப்பொருள் ஒட்டாமல் போகிறதோ, அதுவே ஓர் எல்லை. மறுமுனையிலும் இவ்வாறே. மாலை சுருண்டு மடிந்திருந்தால் மட்டுமே ஒட்டும் எதிர்ப்பொருள்களும் உண்டு. அவற்றுக்கு இம்முறை போதாது.

2000-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர்கள் இவ்வழியில், ஓர் எதிர்ப்பொருள் பற்றும் இடம் 9 மணிகளே என்று காட்டினர். அந்த எதிர்ப்பொருள் மாட்டு வைரஸைப் பற்றுவதில்லை. பின்னர் அமெரிக்காவில் அந்த 9 மணிகளை மாட்டு வைரஸின் மணிகளுக்கு ஒத்தவாறு மாற்றியபோது, நோயின் கடுமையும் குறைந்தது! அவ்விடம் மாற்றப்பட்ட வைரஸைத் தடுப்பூசியாக்கினால், ஊசி போட்ட பன்றியில் அந்த ஓர் எதிர்ப்பொருள் மட்டும் உண்டாகாது. சோதனையில் அது தென்பட்டால் நோய்க்கிருமியே வந்துள்ளது என அறியலாம்.

நம் நாட்டில் வழக்கமாகப் போடும் உயிருள்ள தடுப்பூசியில் இந்த அடையாளம் இல்லை. ஆகவே காது எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண் ஆகியவற்றை நோட்டில் குறித்து வையுங்கள். இரத்தம் எடுக்க வரும் கால்நடை மருத்துவரிடம் முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள். ஊசி போட்ட பன்றியும் கடும் காய்ச்சலுடன் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, காதும் வயிறும் நீலம் பாரித்தால் உடனே தெரிவிக்க வேண்டும். 2020 முதல் இந்தியாவில் காணப்படும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே குறிகளைக் காட்டும். அதை இந்த ஊசி தடுக்காது.