இணையத்தில் நூல் தேடல்

உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிடுமுன் பல ஏட்டுப் பிரதிகளைத் திரட்டினார். ஓர் ஏட்டின் பாடம் மற்றோர் ஏட்டொடு மாறுபட்டவிடத்து இரண்டையும் ஒப்பு நோக்கி உண்மைப் பாடத்தைத் துணிந்தார். இன்று மாணவன் இருந்த இடத்திலேயே பல்லாயிரம் நூல்களைக் காண்கின்றான். ஊர்தோறும் அலையும் உழைப்பு நீங்கியது. ஒப்பு நோக்கும் உழைப்பு நீங்கவில்லை.

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய அச்சுப் பக்கங்களின் படங்கள் உள்ளன. முன்னதில் சொல்லைத் தேடலாம். ஐயம் நேரின் பின்னதில் அச்சு வடிவையே காணலாம்.

படத்தினின்று எழுத்தைப் படித்தெடுக்கும் கருவியும் உண்டு. அஃது ரகரத்தையும் காலையும் மயங்கப் படிப்பதுண்டு. ஏட்டில் இவ்விரண்டிற்கும் ஒரே வடிவம். அக்காலப் பதிப்பாசிரியர் இடர்ப்பட்ட இடத்திலேயே இக்காலக் கருவியும் இடறுகின்றது!

மாணவன் ஒருவன் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமானான். வள்ளுவர் வாக்கென்று ஓர் அழகிய தொடர் இணையத்திற் கிடைத்தது. பத்துப் பக்கங்கள் அவ்வாறே கூறின. ஆயினும், பத்திலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருக்கக் கண்டான். பெயர்த்தெழுதுவோர் பிழையையும் பெயர்த்தெழுதுவர். ஆதலின் அவை பத்துச் சான்றுகள் அல்ல, ஒன்றே.

திருக்குறள் மூலம் முழுவதையும் திறந்து அத்தொடரைத் தேடினான், அகப்படவில்லை. அதுகொண்டே இல்லையென்று முடிவு செய்தல் தகாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும் தேடலுக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரியாது. 'மரம்' என்று தேடுவோனுக்கு 'மரத்தை' கிட்டாது, 'மரக்கிளை'யும் கிட்டாது. 'மர' என்று மட்டும் இடின் மூன்றும் வரும். வேண்டாத 'மரபு', 'மரணம்' முதலியனவும் உடன் வரும். அவற்றைக் கண்ணாற் பார்த்துக் களைதல் வேண்டும். மாணவன் தொடரின் சொற்களை ஒவ்வொன்றாகப் பகுதியளவிற் குறுக்கித் தேடினான். 1330 குறளிலும் அச்சொற்கள் ஒருங்கே வரும் இடம் இல்லை.

போட்டிக்கு முதல்நாள் இரவு அத்தொடரை உரையினின்று அடித்தான். தேடுகையில் கண்ணிற்பட்ட குறளொன்றை அதன் எண்ணோடு அவ்விடத்தில் எழுதிக்கொண்டான்.